பெரியவரின் அடக்கம்

கண்ணாடிக்காரருக்கு ஒரு பழக்கம். எந்தப் பொருளையும் தனியாகப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல வராது. பக்கத்தில் இன்னொன்றை வைத்து, இதுவா அதுவா என்று கேட்டால்தான் வாய் திறக்கும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், இருட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களின் கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா? இப்ப? முன்னாடி நல்லாருந்துதா, இப்பவா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் அவர் பிழைப்பு. அது ரத்தத்தில் ஊறிவிட்டது. பல் துலக்கும் பிரஷ் வாங்கினாலும் இரண்டாக வாங்கி, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தோற்றதைத் தூக்கிப் போடுவார். "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல யாரை நிறுத்திப் பாத்தாரோ, இன்னைக்கு வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டேங்கறாரு" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

இன்னொரு குறையும் உண்டு. பூசி மெழுகத் தெரியாது. ஒரு முறை கடைக்கு வந்த அம்மாள் புது ஃபிரேமை மாட்டிக்கொண்டு, "எனக்கு நல்லாருக்கா?" என்று ஆசையாகக் கேட்டிருக்கிறாள். "மூக்குதாங்க தெரியுது, கண்ணாடி தெரியல" என்று சொல்லிவிட்டார் மனிதர். அன்றைக்கே முதலாளி அவரைக் கவுண்டரிலிருந்து தூக்கிப் பின்னறையில் போட்டார். இருட்டில் யாருடைய மூக்கும் தெரியாது என்பது முதலாளியின் கணக்கு.

அப்படிப்பட்டவருக்குச் சத்தப் பைத்தியம் பிடித்தது ஒரு வாடிக்கையாளர் வீட்டில். காலில் கட்டுப் போட்டிருந்த அந்த மனிதருக்குக் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி முதலாளி அனுப்பியிருந்தார். கூடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நின்றன. "உக்காருங்க, ஒரு நிமிஷம்" என்று அவர் ஒரு ரெக்கார்டைப் போட்டார். செல்லோ என்று ஒரு வாத்தியம், பெரிய வயலினைத் தரையில் ஊன்றி வைத்து வாசிப்பது. வில் கம்பியில் படுவதற்கு முன்னால், கண்ணாடிக்காரரின் முகத்துக்கு எதிரே யாரோ மூச்சை இழுத்தார்கள். கண்ணாடிக்காரர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார்.

"யாரு சார் அது?"

"வாசிக்கிறவரு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறாரு பாருங்க."

"எங்க இருக்காரு இப்ப?"

"அவரு செத்து எவ்வளவோ காலம் ஆச்சுங்க."

கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்து, தன்னிடம் இருந்த பழைய செட்டில் அதே ரெக்கார்டைத் தேடிப் பிடித்துப் போட்டுப் பார்த்தார். வாத்தியம் கேட்டது. ஆள் இல்லை. அந்த ஆளைத் தன் கூடத்துக்கு வரவழைக்க வேண்டும், அந்த மூச்சை ஒரு தரமாவது தன் வீட்டில் கேட்டுவிட வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்ததுதான் பிடிவாதம். வேறு எதிலும் ஆசையில்லாத மனிதருக்கு ஆசை வந்தால் இப்படித்தான், கண்மண் தெரியாமல் வரும்.

காசு சேர்ந்த கதையை விட்டுவிடுவோம். அது எல்லோர் வீட்டிலும் நடக்கிற கதைதான். வாங்கப் போன கதைதான் வேடிக்கை.

அந்தக் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரையெல்லாம் கம்பளம். விற்பனையாளர் பிரசவ வார்டு நர்ஸ் மாதிரி குசுகுசுவென்றுதான் பேசுவார். முதலில் ஒரு ஆம்பிளிஃபயரைக் காட்டினார். தலையில் கண்ணாடிக் குழல்கள் வரிசையாக நின்று ஆரஞ்சு நிறத்தில் கனன்றன. பக்கத்தில் இன்னொன்று, வெறும் இரும்புப் பெட்டி, எந்த வெளிச்சமும் இல்லை.

"இது வால்வு. இதமா இருக்கும். அது டிரான்சிஸ்டர். நேர்மையா இருக்கும். சாருக்கு இதம் வேணுமா, நேர்மை வேணுமா?"

"ரெண்டும் கிடைக்காதா?"

"எந்தக் குடும்பத்துல சார் ரெண்டும் கிடைக்குது?" என்றார் விற்பனையாளர்.

பிறகு இருட்டில் உட்கார வைத்து மாற்றி மாற்றிப் போட்டார். "இது எப்படி? இப்ப? முன்னாடி நல்லாருந்துதா, இப்பவா?" கண்ணாடிக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக நாற்காலியின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வித்தியாசம் தெரிகிற மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது. தெரியவில்லை என்று சொன்னால் மரியாதை போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. தன் பின்னறையில் இத்தனை காலம் "இப்பத்தான் தெளிவா இருக்கு" என்று சொன்னவர்களில் எத்தனை பேர் பயந்து சொன்னார்களோ என்று அவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

அதோடு விடவில்லை. ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் தடிமன். அதன் மேல் அம்புக்குறி. "திசை பாத்துப் போடணும் சார். மாத்திப் போட்டா சத்தம் தயங்கும்" என்றார் விற்பனையாளர். கூட வந்திருந்த மனைவி, "தயங்கினா முதுகுல ஒண்ணு வெச்சா போயிடாதா?" என்று கேட்டாள். அவரும் சிரிக்காமல், "பழகற வரைக்கும் கொஞ்சம் கூச்சப்படும்தான் மேடம்" என்றார்.

கண்ணாடிக்காரர் அங்கே போய் வந்த தடவைகளுக்குக் கணக்கு வழக்கில்லை. கடைசியில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களில் வந்து நின்றது. மனைவியை நடுவில் உட்கார வைத்து, "நீ சொல்லு, இதுவா அதுவா?" என்றார். அவள் இரண்டையும் பொறுமையாகக் கேட்டாள்.

"ரெண்டுலயும் அந்த ஆளு அழுதுக்கிட்டுத்தாங்க இருக்காரு. எதையாவது எடுத்துக்கிட்டு வாங்க, பசிக்குது."

வால்வு ஆம்பும் உயரமான ஸ்பீக்கர்களும் என்று முடிவானது. பூட்டித் தர கடையிலிருந்து ஒரு அமைப்பாளர் வந்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் அவருக்குத் தமிழ்ப்பற்று அதிகம். தொழிலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு சொல் வைத்திருப்பார், அதை உலகமே ஒப்புக்கொண்டுவிட்ட மாதிரி பேசுவார். உள்ளே வந்ததும், "பெருக்கியை எங்க வெக்கலாம்?" என்று கேட்டார். கண்ணாடிக்காரரின் மனைவி சமையலறைக்குப் போய் விளக்குமாற்றைக் கொண்டு வந்து, "கதவு மூலையிலதான் வெக்கறது. ஏன், குப்பை ஏதாவது கொட்டிடுச்சா?" என்றாள். ஆம்பிளிஃபயரைத்தான் பெருக்கி என்கிறார் என்று விளங்க வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஸ்பீக்கரில் மேலே இருக்கிற சின்னக் கோன் அவருக்குச் 'சின்னவர்'. கீழே இருக்கிற பெரிய கோன் 'பெரியவர்'. மூலையில் எதையாவது வைத்துச் சத்தத்தை உறிஞ்சிக் கட்டுக்குள் கொண்டுவருவதற்கு அவர் வைத்த பெயர் 'அடக்கம்'. இந்தச் சொல்தான் பிறகு குடும்பத்தைக் கலக்கியது.

அதற்கு முன்னால் மாமனாரைச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்காரரின் மாமனார், மனைவியைப் பெற்றவர், லாரிகளைச் சரக்கோடு நிறுத்தி எடை போடும் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லாரி எதுவும் நிற்காத நேரத்தில் இவர் ஏறினாலும் எடை காட்டும் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பேசுவார்களாம், அப்படி உடம்பு. மாமியார் போன பிறகு மகளோடு வந்துவிட்டார். கூடத்து மூலையில் அவருக்கென்று ஒரு சாய்வு நாற்காலி, கீழே ஒன்றும் முதுகுக்கு இரண்டுமாகத் தலையணைகள், எந்த வெயிலிலும் ஒரு கம்பளிச் சட்டை, அதன் மேல் ஒரு சால்வை. மாமனாரும் மருமகனும் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருந்த மரியாதைக்கு அளவில்லை. அதனாலேயே பேச்சு வளரவில்லை. "சாப்ட்டீங்களா மாமா?" "ஆச்சு மாப்பிள்ளை." அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் வந்தபோது வலது பக்கத்து ஸ்பீக்கருக்கு அந்த மூலைப்பக்கம் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது. கண்ணாடிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே, "மாமா, கொஞ்ச நாளைக்கு உள் ரூம்ல..." என்று இழுத்தார்.

"அதுக்கென்ன மாப்பிள்ளை. நான் எங்க இருந்தா என்ன" என்று மாமனார் நாற்காலியையும் தலையணைகளையும் தானே உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த 'எங்க இருந்தா என்ன' கண்ணாடிக்காரரின் காதில் ஏறவில்லை. அவர் காது அப்போது வேறு வேலையில் இருந்தது.

செல்லோவைப் போட்டார்கள். வில் கீழே இறங்கியதும் கூடம் 'உம்ம்ம்' என்றது. ஒரு சுரம் மட்டும் ஊதிப் பெருத்து மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டு நின்றது. சமையலறையில் டம்ளர்கள் கிடுகிடுத்தன. வாசிக்கிறவரின் மூச்சு போன இடம் தெரியவில்லை. கண்ணாடிக்காரர் ஸ்பீக்கரை முன்னால் தள்ளினார், பின்னால் தள்ளினார், திரும்பி நிற்க வைத்தார், சோபாவை நகர்த்தினார். 'உம்ம்ம்' அசையவில்லை. கண்ணாடிக்காரர் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். கடைசியில் அமைப்பாளருக்கே ஆள் அனுப்பினார்.

அவர் வந்த நாளில் மனைவி தன் பள்ளிக்கூட அலுவலக வேலைக்குப் போயிருந்தாள். மாமனார் உள் அறையில், கதவு பாதி திறந்திருக்க, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அமைப்பாளர் மைக்கை ஒரு தாங்கியில் நிறுத்தி, செல்லோ ரெக்கார்டை ஓடவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"சின்னவரால ஒரு பிரச்சினையும் இல்ல சார். சொன்னபடி கேக்கறாரு. பெரியவர்தான் இந்த வீட்டுல சிக்கல்."

"எனக்கும் அதுதாங்க தோணுது" என்றார் கண்ணாடிக்காரர். "பெரியவர் வந்ததுலேருந்து வீட்டுல நிம்மதி போச்சு."

"அடக்கம் பண்ணிடலாம் சார், கவலைப்படாதீங்க."

"எங்க பண்றது?"

"இதோ, இந்த மூலையிலதான். வேற எங்கயும் சரிப்படாது. இங்க அடக்கம் பண்ணிட்டா பெரியவர் சத்தமே வெளிய வராது."

"எவ்வளவு சீக்கிரம் முடியுமோ பண்ணிடுங்க. என்னால தாங்க முடியல."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மாமனார் எழுந்து வந்தார், கம்பளிச் சட்டையும் சால்வையுமாக. இரண்டு கைகளாலும் சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேராக அந்த மூலைக்குப் போனார். நாற்காலியை டொக்கென்று வைத்தார். திரும்பிப் போய்த் தலையணைகளைக் கொண்டு வந்து அடுக்கினார். உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார். முடிந்தால் செய்து பாருங்கள் என்கிற முகம்.

"என்ன மாமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. உயிரோடதான் இருக்கேன். இங்க உக்காரணும்னு தோணிச்சு, உக்காந்துட்டேன்."

அப்போதுதான் கண்ணாடிக்காரருக்குச் சட்டென்று உறைத்தது, மாமனாரைப் பற்றி அல்ல. 'உம்ம்ம்' அடங்கிவிட்டிருந்தது. செல்லோ கூடத்தில் நின்று தெளிவாகப் பேசியது. அமைப்பாளர் மைக்கையும் தன் கையிலிருந்த அளவுக்கருவியின் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஐயா, கொஞ்சம் எழுந்திருங்க."

மாமனார் எழுந்தார். 'உம்ம்ம்.'

"உக்காருங்க."

உட்கார்ந்தார். நின்றது.

கண்ணாடிக்காரருக்குக் கை பரபரத்துவிட்டது. சோபாவில் தன் இடத்துக்கு ஓடிப்போய் உட்கார்ந்தார். இது அவருக்குத் தெரிந்த வேலை. "எழுந்திருங்க மாமா. ஆங், இது. உக்காருங்க. இப்ப. இன்னொரு தடவை எழுந்திருங்க. சால்வையை எடுத்துட்டு உக்காருங்க. இல்ல, சால்வையோட. முன்னாடி நல்லாருந்துது. கொஞ்சம் சுவத்துப் பக்கம் சாயுங்க." மாமனாருக்கு முட்டி வலி உண்டு. பாவம், சொன்னபடியெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ரெக்கார்டை முதலிலிருந்து போட்டார்கள். வில் படுவதற்கு முன்னால், கண்ணாடிக்காரரின் முகத்துக்கு எதிரே, அந்தச் செத்துப்போன மனிதர் மூச்சை இழுத்தார். கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

அமைப்பாளர் எழுந்து நின்று கைதட்டினார். "நாம தேடின அடக்கம் இவர்தான் சார்! இவரையே இந்த மூலையில நிரந்தரமா வெச்சுடுங்க. இனிமே எழுந்திருக்கவே கூடாது."

"எழுந்திருக்கவே விட மாட்டேன்" என்றார் கண்ணாடிக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அமைப்பாளரைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்படியே கடைக்கும் போய்விட்டு, மாலையில் சீட்டியடித்துக்கொண்டு வீடு திரும்பினார். மூலையில் நாற்காலி இருந்தது. மாமனார் இல்லை. மனைவி சோபாவில், சரியாக அவருடைய இடத்தில், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கப்பா என் தம்பி வீட்டுக்குப் போயிட்டாரு. நீங்களும் அந்த ஆளும் சேந்து அவரை மூலையில அடக்கம் பண்றதாப் பேசினீங்களாமே, உண்மையா?"

வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். இவருக்குத்தான் அது வராதே.

"பேசினோம். ஆனா அது ஸ்பீக்கர்ல இருக்கற பெரிய கோனைச் சொன்னது."

"பெரியவர் வந்ததுலேருந்து நிம்மதி போச்சுன்னது?"

"அதுவும் கோனைத்தான்."

"இவரையே மூலையில வெச்சுடுங்க, எழுந்திருக்கவே விட மாட்டேன்னது?"

கண்ணாடிக்காரர் யோசித்தார். "அது மாமாவைத்தான்."

அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் கண்ணாடிக்காரர் செய்த கூத்தை என்ன சொல்ல? மாமனார் இருந்த மூலையில் மெத்தையைச் சுருட்டி நிறுத்தினார். 'உம்ம்ம்.' பழைய துணிகளை மூட்டை கட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, சால்வையும் போர்த்தினார். 'உம்ம்ம்.' கீழே இருக்கும் வாட்ச்மேன் கிட்டத்தட்ட அதே உடம்பு. அவரைக் கெஞ்சி மேலே கூட்டி வந்தார்.

"வேலை என்னங்க சார்?"

"ஒண்ணும் இல்ல. சும்மா உக்காரணும்."

"அதைத்தான சார் கீழயும் செய்யறேன்" என்று வாட்ச்மேன் உட்கார்ந்தார். 'உம்ம்ம்' இன்னும் அதிகமானது. ஏன் என்று அமைப்பாளரைத் தொலைபேசியில் கேட்டதற்கு, "ஒவ்வொருத்தர் உள்வாங்கற விதம் ஒவ்வொரு மாதிரி சார். இதையெல்லாம் கடையில வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஒரு நாள் வாய் திறந்தாள். "நீங்க போய்க் கூப்பிட்டா அவரு வந்துடுவாரு. எனக்குத் தெரியும். ஆனா உங்க ஸ்பீக்கர் பெட்டிக்காகக் கூப்பிடாதீங்க. அதுக்கு அவரு அங்கயே இருக்கட்டும். மனுஷனா நெனச்சுக் கூப்பிடுங்க." சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. "அப்பா இல்லாம வீடு எனக்கு எப்படியோ இருக்குங்க."

கண்ணாடிக்காரர் பஸ் ஏறினார். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, 'உங்களுக்காகத்தான் வந்தேன் மாமா' என்று முணுமுணுத்துப் பார்த்தார். பொய் சொல்கிற குரல் என்று அவர் காதுக்கே தெரிந்தது. 'நீங்க இல்லாம வீடு எப்படியோ இருக்கு மாமா.' இது மனைவியினுடையது. தனக்கென்று சொல்ல என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். அந்தச் செல்லோக்காரரின் மூச்சுதான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மச்சான் வீட்டில் மாமனாரைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டியிருந்தது. வாஷிங் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், நடைபாதையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அந்த வழியாகப் போகிற ஒவ்வொருவரும், "அப்பா, காலை மடக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கெட்டவர்கள் இல்லை, இடம் அவ்வளவுதான். அவரும் ஒவ்வொரு தடவையும் மடக்கினார், நீட்டினார். உடம்புக்கு நல்லது என்று சாப்பாட்டைக் குறைத்துவிட்டார்களாம். கன்னம் வற்றியிருந்தது.

"வாங்க மாப்பிள்ளை. சாப்ட்டீங்களா?"

"ஆச்சு மாமா" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் வாஷிங் மெஷினில் சாய்ந்து நின்றார். பிறகு பெரியவர் என்றால் என்ன, அடக்கம் என்றால் என்ன, அந்த வாசிக்கிறவரின் மூச்சு என்றால் என்ன என்று ஒன்று விடாமல் விளக்கினார். நடுவில் மெஷின் துணியைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டதால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

மாமனார் கவனமாகக் கேட்டார். "அப்ப அந்தப் பெரியவர் நான் இல்லையா?"

"இல்ல மாமா. அது ஸ்பீக்கர்."

"அந்தப் பேச்சுல நான் வரவே இல்லையா?" அவர் முகம் கொஞ்சம் வாடிப்போனது போல இருந்தது.

"கடைசியில வந்தீங்க மாமா."

"என்னன்னு?"

"நீங்க இல்லாம சத்தம் சரியா வராதுன்னு. மெத்தை வெச்சுப் பாத்துட்டேன். மூட்டை வெச்சுப் பாத்துட்டேன். வாட்ச்மேனைக்கூட உக்கார வெச்சுப் பாத்துட்டேன். வரல."

மெஷின் நின்றது. மாமனார் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப என்னைக் கூப்பிட வந்தது அந்தச் சத்தத்துக்குத்தானா மாப்பிள்ளை?"

கண்ணாடிக்காரருக்கு மனைவியின் முகம் கண்முன் வந்தது. பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததையெல்லாம் மனதுக்குள் ஒரு தரம் புரட்டிப் பார்த்தார்.

"ஆமா மாமா" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது.

மாமனார் காலை நீட்டினார். "எடைமேடையில நான் ஒரு நாள் லீவு போட்டா வண்டியெல்லாம் ரோடு வரைக்கும் நிக்கும், தெரியுமா? அங்கேருந்து வந்தப்புறம் எல்லாரும் என்கிட்ட நல்லாத்தான் இருக்காங்க. ரெஸ்ட் எடுங்க, ரெஸ்ட் எடுங்கங்கறாங்க. நீங்க இல்லாம இது ஆகலைன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்கதான் மொதல்ல சொல்றீங்க." நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். "வாட்ச்மேனை வெச்சும் வரலையா?"

"வரல மாமா. இன்னும் மோசமாச்சு."

"வராது. அவன் எங்க, நான் எங்க?" என்று சொல்லிக்கொண்டே அவர் கொடியில் கிடந்த தன் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷம் ஒரே கூடத்தில் இருந்தும் இந்த மனிதரைத் தான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று கண்ணாடிக்காரருக்கு இருந்தது.

வீட்டு வாசலில் அப்பாவைக் கண்டதும் மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "என்ன சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தீங்க?" என்று கணவரை ஓரமாக இழுத்துக் கேட்டாள். "உண்மையைச் சொன்னேன்" என்றார். அவளுக்கு நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அப்பாவோ உள்ளே போய்க் குளித்து, தலையை வாரி, துவைத்த சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டையைப் போட்டு, அதற்கும் மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, டியூட்டிக்குக் கிளம்புகிற ஆள் மாதிரி கூடத்துக்கு வந்து நின்றார்.

"எங்க உக்காரணும் மாப்பிள்ளை? பழைய இடந்தானா?"

கண்ணாடிக்காரர் தலையணைகளைத் தன் கையால் அடுக்கினார். மாமனார் உட்கார்ந்தார். கம்பளிச் சட்டை முன்போல நிறையவில்லை, தோளில் தொளதொளவென்று தொங்கியது. வால்வுகள் சூடேறும் வரைக்கும் மூவரும் காத்திருந்தார்கள்.

"ஆரம்பிங்க."

செல்லோ ஆரம்பித்தது. 'உம்ம்ம்.'

கண்ணாடிக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூச்சு இல்லை, ஆள் இல்லை. இளைத்ததாலோ, வேறு எதனாலோ, அந்தப் பழைய அடக்கம் போய்விட்டிருந்தது. சமையலறை வாசலில் மனைவி நின்றாள். அவளுக்குப் பின்னால் டம்ளர்கள் கிடுகிடுத்தன. அவள் கணவரைப் பார்த்தாள், திரும்பி ஓடிப்போய் இரண்டு கைகளாலும் டம்ளர்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மூலையிலிருந்து மாமனார் நிமிர்ந்த முதுகோடு கேட்டார். "மாப்பிள்ளை, அந்தாளு மூச்சு கேக்குதா?"

"கேக்குது மாமா" என்றார் கண்ணாடிக்காரர். "ரொம்பத் தெளிவாக் கேக்குது."

மாமனார் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்தால், வரிசையாக நின்ற லாரிகளையெல்லாம் எடை போட்டு அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடிக்காரர் தற்செயலாக அந்தப் பக்கம் பார்த்தார். மாமனாரின் கன்னம் உப்பியிருந்தது. முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து, கண்கள் நேராக முறைத்துக்கொண்டிருந்தன. அந்தச் செத்துப்போன மனிதரின் மூச்சு கெட்டுவிடக் கூடாது என்று தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கண்ணாடிக்காரர் பாய்ந்து போய் ஆம்பை அணைத்தார். "ஐயோ மாமா! மொதல்ல மூச்சை விடுங்க!"

மாமனார் விட்டார். விட்டுவிட்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, கவலையோடு மருமகனின் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க மாப்பிள்ளை? நான் அசைஞ்சிட்டேனா?"